உள்நோக்கமா, செயலா: அரசியல் தலைவர்களை எதைக் கொண்டு எடைபோடுவது?

ஓர் அரசு பெரிய முடிவு ஒன்றை அறிவித்த சில மணி நேரத்துக்குள் தொலைக்காட்சி விவாதங்களில் இரண்டு வாசகங்கள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. எதிர்த்தரப்பு, "எல்லாம் ஓட்டுக்காகத்தான்" என்கிறது. ஆளும் தரப்பு, "நடைமுறையில் குறை இருக்கலாம், ஆனால் நோக்கம் நல்லது" என்கிறது. எதிரெதிர் வாதங்கள் போலத் தோன்றும் இவ்விரண்டும் செய்வது ஒரே வேலையைத்தான். பேச்சைச் செயலிலிருந்து நகர்த்திச் செய்தவரின் மனத்துக்குள் கொண்டுபோய் விடுகின்றன. அங்கே போய்ச் சேர்ந்த வாதத்தைச் சான்று காட்டி முடித்துவைக்க யாராலும் இயலாது என்பதால், அந்த இடமே இரு தரப்புக்கும் வசதியாக இருக்கிறது.

அதற்காக உள்நோக்கம் எப்போதும் பொருட்டல்ல என்று சொல்லிவிடவும் முடியாது. சட்டத்திலும் அரசியலிலும் அதற்கு உரிய இடங்கள் சில உண்டு. அந்த இடங்கள் எவை, அவற்றுக்கு வெளியே அதை இழுத்துவந்தால் என்ன ஆகிறது என்பதை இந்திய அரசியலின் சில முடிவுகளைக் கொண்டு பார்க்கலாம்.

முதலில் சில சொற்கள்

விவாதங்களில் "நோக்கம்" என்ற ஒரே சொல் பல பொருள்களில் புழங்குவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. இக்கட்டுரையில் சொற்கள் பின்வரும் பொருளில் வருகின்றன.

1. உள்நோக்கம்: தலைவரை அந்த முடிவை நோக்கித் தள்ளியது எது என்பது. பதவி ஆசை, வாக்கு, பழிவாங்கல், கொள்கைப் பிடிப்பு, இரக்கம் என எதுவாகவும் இருக்கலாம். பெரும்பாலும் இவற்றில் பல கலந்தே இருக்கும்.
2. குறிக்கோள்: அந்த முடிவால் என்ன நடக்க வேண்டும் என்று அவர் அறிவித்தார் என்பது.
3. செயல்: கையெழுத்திட்ட ஆணை மட்டுமல்ல, யாரைக் கலந்துகொண்டார், எந்த நடைமுறையைப் பின்பற்றினார், எவ்வளவு அவகாசம் கொடுத்தார் என்பவையும் செயலைச் சேர்ந்தவை.
4. தெரிந்திருக்கக்கூடிய விளைவு: முடிவெடுத்த நாளில் கையில் இருந்த தகவலைக் கொண்டே ஊகித்திருக்கக்கூடியது.
5. நடந்த விளைவு: உண்மையில் என்ன நடந்தது என்பது. இதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு.

பொதுவிவாதம் முதலாவதிலிருந்து ஐந்தாவதுக்குத் தாவி விடுகிறது. ஒரு தலைவரின் பொறுப்பு பெரும்பாலும் அடங்கியிருப்பது நடுவிலுள்ள மூன்றாவதிலும் நான்காவதிலும்.

அறத்துப்பாலும் பொருட்பாலும்

"மனத்துக்கண் மாசிலன் ஆதல் அனைத்தறன்" என்று அறத்துப்பாலில் சொல்லும் வள்ளுவர், பொருட்பாலில், ஆட்சிப் பொறுப்புக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பது பற்றிய "தெரிந்து தெளிதல்" அதிகாரத்துக்கு வரும்போது, "பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்" என்கிறார். தனிமனித அறத்துக்கு மனம், பொதுப்பணிக்குச் செயல். அதே அதிகாரத்தின் முதல் குறளோ அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்ற நான்கையும் வைத்து ஒருவரின் இயல்பை ஆராய்ந்த பிறகே அவரை நம்பித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. பொறுப்பைக் கொடுக்கும்முன் மனத்தைச் சோதிப்பது, தரத்தை முடிவுசெய்யச் செயலை உரைத்துப் பார்ப்பது என்ற இந்தப் பிரிவினை பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் உதவும்.

ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1919 ஜனவரியில் மியூனிக் நகரில் ஆற்றிய உரையில் ஏறக்குறைய இதே கோட்டை வேறு விதமாக வரைந்தார். தன் கொள்கை தூய்மையாக இருந்தால் போதும், விளைவு என்னவானாலும் பழி தன்மேல் இல்லை என்று கருதுவது ஒருவகை அறம். முன்கூட்டியே தெரியக்கூடிய விளைவுகளுக்குத் தானே பொறுப்பு என்று கருதுவது இன்னொரு வகை. அரசியலைத் தொழிலாக ஏற்றவருக்கு இரண்டாவது இன்றியமையாதது என்றாலும், அதுமட்டுமே போதும் என்று அவரும் சொல்லவில்லை.

1990 ஆகஸ்ட்: உள்நோக்கம் தோற்றது, செயல் நின்றது

"ஓட்டுக்காகச் செய்தார்" என்ற குற்றச்சாட்டை உரைத்துப் பார்க்க மண்டல் குழு அறிக்கையைப்போல் தெளிவான எடுத்துக்காட்டு குறைவு.

மொரார்ஜி தேசாய் அரசு அமைத்த பி.பி. மண்டல் தலைமையிலான ஆணையம் 1980 இறுதியில் அறிக்கை கொடுத்தது. மத்திய அரசுப் பணிகளில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீத இடஒதுக்கீடு என்பது அதன் முதன்மைப் பரிந்துரை. அறிக்கை ஏறத்தாழ பத்தாண்டுகள் கிடப்பில் கிடந்தது. 1990 ஆகஸ்ட் 1 அன்று பிரதமர் வி.பி. சிங், துணைப் பிரதமர் தேவிலாலைப் பதவிநீக்கம் செய்தார். தேவிலால் தன் பலத்தைக் காட்ட ஆகஸ்ட் 9 அன்று டெல்லியில் விவசாயிகள் பேரணிக்கு ஏற்பாடு செய்திருந்தார். இடையில், ஆகஸ்ட் 7 அன்று, மண்டல் பரிந்துரை நடைமுறைக்கு வரும் என்று நாடாளுமன்றத்தில் பிரதமர் அறிவித்தார்.

இந்த நாட்காட்டியைப் பார்க்கிற எவருக்கும் சந்தேகம் வரும். வருவதில் தவறும் இல்லை. தேவிலாலின் ஆதரவுத் தளத்தை உடைக்கத்தான் அறிவிப்பு வந்தது என்று அன்று எழுதியவர்கள் கற்பனையில் எழுதவில்லை. மறுபக்கம், மண்டல் பரிந்துரையைச் செயல்படுத்துவோம் என்பது அவருடைய கூட்டணியான தேசிய முன்னணியின் 1989 தேர்தல் அறிக்கையிலேயே இருந்த வாக்குறுதி. ஆக, கொள்கையும் கணக்கும் ஒரே மனிதருக்குள் ஒரே வாரத்தில் இருந்திருக்கின்றன. எது எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்லும் தராசு எவரிடமும் கிடையாது.

கணக்குத்தான் உண்மையான உள்நோக்கம் என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கணக்கு பலிக்கவில்லை. வட இந்தியாவில் மாணவர் போராட்டமும் தீக்குளிப்புகளும் வெடித்தன. பாரதிய ஜனதா தலைவர் அத்வானியின் கைதுக்குப் பிறகு அக்கட்சி ஆதரவை விலக்கிக்கொள்ள, நவம்பர் 7 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசு கவிழ்ந்தது. ஆனால் ஆணை நிலைத்தது. 1992 நவம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு இந்திரா சாஹ்னி வழக்கில் 27 சதவீதத்தை உறுதிசெய்து, பிற்படுத்தப்பட்டோரில் வசதிபடைத்த மேல்தட்டினரை மட்டும் விலக்கச் சொன்னது. 1993 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அதன்பின் மத்திய அரசுப் பணியில் சேர்ந்த ஒரு பிற்படுத்தப்பட்ட இளைஞருக்கு, 1990 ஆகஸ்ட் முதல் வாரத்தில் பிரதமரின் மனத்தில் என்ன ஓடியது என்பது எந்த வகையிலும் பொருட்டாக இராது. 2023 நவம்பரில் சென்னை மாநிலக் கல்லூரி வளாகத்தில் வி.பி. சிங்குக்குச் சிலை திறக்கப்பட்டதும் அந்த ஆணைக்காகத்தான்.

முடிவு சரியா தவறா என்று வாதிட விரும்புகிறவருக்கு இடம் இருக்கவே செய்கிறது. சாதியை அளவுகோலாகக் கொள்ளலாமா, போதிய கலந்தாலோசனை நடந்ததா, எதிர்ப்பைச் சமாளிக்கும் ஆயத்தம் இருந்ததா என்பவை செயலைப் பற்றிய கேள்விகள். அவற்றுக்குச் சான்றோடு பதில் சொல்லலாம். "தேவிலாலை ஒழிக்கச் செய்தார்" என்பது அவற்றில் எதற்கும் பதில் ஆகாது.

ஓட்டுக்காகச் செய்வது குற்றமா?

இதையொட்டி ஒரு தமிழகக் கதையும் உண்டு. 1979-இல் எம்.ஜி.ஆர். அரசு, ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேற்பட்ட பிற்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு இடஒதுக்கீடு இல்லை என்று ஆணையிட்டது. ஏழைகளுக்கே பலன் போகட்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். எதிர்ப்பு கிளம்பியது. 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் மாநிலத்தின் 39 தொகுதிகளில் அ.தி.மு.க.வுக்கு இரண்டே கிடைத்தன. தோல்விக்குத் தி.மு.க.–இந்திரா காங்கிரஸ் கூட்டணி உள்படப் பல காரணங்கள் இருந்தபோதும், அரசு உடனே வருமான வரம்பைக் கைவிட்டதோடு நிற்காமல் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 31-இலிருந்து 50 சதவீதமாக உயர்த்தியது.

நல்ல எண்ணம் என்று சொல்லப்பட்ட ஆணை சில மாதங்களில் மறைந்தது. தேர்தல் பயத்தில் வந்த ஆணை இன்றைய 69 சதவீதத்தின் பெரும்பகுதியாக நிற்கிறது. எதை ஆதரிப்பது என்பது அவரவர் நிலைப்பாடு. ஆனால் வாக்குக்கு அஞ்சி முடிவை மாற்றுவது மக்களாட்சியின் கோளாறு என்று சொல்ல முடியாது. தேர்தல் வைப்பதே அந்த அச்சம் ஆட்சியாளரிடம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். வாக்குக்காக எதைச் செய்தார், யாருடைய பணத்தில் செய்தார், யாரைப் பலியாக்கிச் செய்தார் என்று கேட்கும்போதுதான் குற்றச்சாட்டுக்கு உள்ளடக்கம் வருகிறது.

2016 நவம்பர்: நோக்கம் நல்லது என்றால் போதுமா?

இப்போது மறுதரப்பு வாசகம். 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் நரேந்திர மோடி தொலைக்காட்சியில் தோன்றி, அன்று நள்ளிரவு முதல் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார். புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் அவை ஏறத்தாழ 86 சதவீதம். கறுப்புப் பணம், கள்ளநோட்டு, பயங்கரவாதத்துக்குப் போகும் பணம் ஆகிய மூன்றையும் ஒழிப்பது அறிவிக்கப்பட்ட குறிக்கோள்.

இந்தக் குறிக்கோள்களை மறுப்பவர் யாரும் இல்லை. ஆகவே நோக்கத்தைப் பற்றிய விவாதம் அரசுக்கே சாதகமாக முடிந்தது. வங்கி வாசலில் நின்றவர்களிடமும், "கஷ்டம்தான், ஆனால் நல்லதுக்குத்தானே" என்ற பதில் சாதாரணமாகக் கேட்டது. செயல் என்ற தலைப்பின்கீழ் இதே முடிவைப் பார்த்தால் படம் மாறுகிறது.

அன்று மாலை கூடிய ரிசர்வ் வங்கி மத்தியக் குழுவின் கூட்டக் குறிப்பு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பின்னர் வெளியானது. கறுப்புப் பணத்தின் பெரும்பகுதி ரொக்கமாக இல்லை, தங்கமாகவும் நிலமாகவும் கட்டடமாகவும் இருக்கிறது, அந்தச் சொத்துகளை இந்த நடவடிக்கை பெரிதாகப் பாதிக்காது என்று அதில் பதிவாகியிருக்கிறது. குழு பரிந்துரையை ஏற்றதும் உண்மை. ஆனால் குறிக்கோளுக்கும் வழிமுறைக்கும் இடையே இருந்த இடைவெளி, பிரதமர் பேசுவதற்குச் சில மணி நேரம் முன்பே தாளில் இருந்தது. அதேபோல், புதிய 2,000 ரூபாய் நோட்டின் அளவு பழைய நோட்டுகளிலிருந்து வேறுபட்டது, ஏ.டி.எம். எந்திரங்களின் உள்ளே பணம் வைக்கும் கேசட்டுகளை ஒவ்வொன்றாக மாற்றியமைக்காமல் அது வெளியே வராது. நோட்டின் நீள அகலத்தை முடிவுசெய்தவர்களுக்கு இது தெரிந்திருக்கக்கூடியதே. ஏ.டி.எம். வாசல்களில் நீண்ட வரிசைகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

ரிசர்வ் வங்கியின் 2017–18 ஆண்டறிக்கைப்படி, செல்லாததாக்கப்பட்ட 15.41 லட்சம் கோடி ரூபாயில் 15.31 லட்சம் கோடி, அதாவது 99.3 சதவீதம், வங்கிகளுக்குத் திரும்பிவிட்டது. பதுக்கியவர்கள் மாற்ற முடியாமல் அழிந்துபோகும் என்று எதிர்பார்க்கப்பட்ட பணம் மிகச் சொற்பம் என்று பொருள்.

2023 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் நடவடிக்கை செல்லும் என்றது. குறிக்கோள்கள் முறையானவை, வழிமுறைக்கும் அவற்றுக்கும் தொடர்பு இருக்கிறது, அவை நிறைவேறினவா இல்லையா என்பது சட்டப்படி பொருத்தமான கேள்வி அல்ல என்பது பெரும்பான்மையின் நிலை. மாறுபட்ட நீதிபதி பி.வி. நாகரத்னாவும் நல்ல எண்ணத்தைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் யோசனை மத்திய அரசிடமிருந்து கிளம்பியதால் அது நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாகவோ அவசரச் சட்டத்தின் வழியாகவோ வந்திருக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்ததில் ரிசர்வ் வங்கி சுயமாகச் சிந்திக்க இடமே இருக்கவில்லை என்று எழுதினார். நல்ல நோக்கத்தை முழுதாக ஒப்புக்கொண்டபடியே செயலைச் சட்டவிரோதம் என்று சொல்ல முடியும் என்பதற்கு அந்தத் தீர்ப்பு ஒரு முன்மாதிரி. பொதுவிவாதம் இதைக் கற்றுக்கொண்டால் நல்லது.

விளைவை மட்டும் வைத்து மதிப்பிடுவதிலும் ஓர் அநீதி இருக்கிறது. மத்திய வேளாண் அமைச்சர் சி. சுப்பிரமணியம் காலத்தில், 1966-இல், எதிர்ப்புகளுக்கிடையே 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதை இறக்குமதியானது. 1967 தேர்தலில் அவர் தோற்றார். கோதுமை விளைச்சல் சாதனை படைத்தது 1968-இல். அந்த ஆண்டு மழை பொய்த்திருந்தால் அதே முடிவு வரலாற்றில் வேறு பெயர் பெற்றிருக்கும். மழையை நீக்கிவிட்டு, ஆராய்ந்து எடுத்த முடிவா என்று பார்ப்பதே முறை.

நீதிமன்றம் எங்கே மனத்தைப் பார்க்கிறது?

சட்டம் இந்தக் கேள்வியைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது.

1. சட்டமியற்றல்: ஒடிசா அரசு ஜமீன் ஒழிப்பில் தரவேண்டிய இழப்பீட்டைக் குறைப்பதற்காகவே வேளாண் வருமான வரியை உயர்த்தியது என்று பார்லாகிமிடி மன்னர் வழக்குத் தொடுத்தார். வரி கூடினால் நிகர வருமானம் குறையும். நிகர வருமானம் குறைந்தால் அதைக் கொண்டு கணக்கிடும் இழப்பீடும் குறையும். சட்டமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறதா என்பதே கேள்வி, எந்த எண்ணத்தில் இயற்றியது என்பது பொருட்டல்ல என்று 1953-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பல நூறு பேர் கைதூக்கிய ஒரு சட்டத்துக்கு எவருடைய மனத்தை ஆராய்வது?

2. நிர்வாக ஆணை: இங்கே நிலை வேறு. பஞ்சாப் முதலமைச்சர் பிரதாப் சிங் கைரோன் தன்மீது பகைகொண்டு நடவடிக்கை எடுத்தார் என்று ஓர் அரசு மருத்துவர் (சிவில் சர்ஜன்) தொடுத்த வழக்கில், 1960-களின் தொடக்கத்தில், மூன்று நீதிபதிகள் அதை ஏற்று ஆணைகளை ரத்து செய்தனர், இருவர் மாறுபட்டனர். ஒலிநாடாவில் பதிவான உரையாடல்கள் சான்றாக வந்ததால்தான் அந்த அளவுக்காவது போக முடிந்தது. ஒருவருக்கென்று குறிவைத்து அதிகாரத்தைப் பயன்படுத்தும்போது உள்நோக்கமே குற்றத்தின் சாரம்.

3. மெய்ப்பிக்கும் சுமை: தமிழகத் தலைமைச் செயலாளராக இருந்து வேறு பதவிக்கு மாற்றப்பட்ட ராயப்பா, முதலமைச்சர் மு. கருணாநிதிமீது இதே குற்றச்சாட்டை வைத்தார். தீய எண்ணத்தை மெய்ப்பிக்கும் சுமை மிகக் கடுமையானது என்று சொல்லி 1973 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. இதே தீர்ப்பில்தான் நீதிபதி பகவதி, சமத்துவமும் தான்தோன்றித்தனமும் ஒன்றுக்கொன்று பகை என்ற கருத்தை முன்வைத்தார். மனத்துக்குள் புகும் வழி அடைபட்ட அதே தாளில், ஆணையின் முகத்திலேயே தெரியும் காரணமின்மையைக் கேள்வி கேட்கும் வழி திறந்தது. பிந்தைய பல தீர்ப்புகள் இந்த இரண்டாவது வழியிலேயே நடந்தன.

4. ஊழல்: பொதுநலன் ஏதுமின்றி வேறொருவருக்குப் பண ஆதாயம் கிடைக்கச் செய்தாலே பொது ஊழியர் குற்றவாளி என்று ஊழல் தடுப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. நேர்மையாகத் தவறு செய்த அதிகாரியும் சிக்குகிறார் என்ற குறை எழுந்ததால் 2018 திருத்தத்தில் அது நீக்கப்பட்டது. சிறைக்கு அனுப்ப மனத்தை மெய்ப்பிக்க வேண்டும் என்பது நியாயம். ஆனால் சிறைக்குப் போகாத அளவுக்குச் சுத்தமான மனம் இருந்துவிட்டால் பதவியில் தொடரவும் தகுதி வந்துவிடுகிறது என்று கட்சிகள் பேசுவது, இரு வேறு அளவுகோல்களை வேண்டுமென்றே கலப்பது.

நம்பிக் கொடுத்த அதிகாரம்

கடைசியாக, எதிர்காலம். ஒருவரிடம் புதிய அதிகாரத்தை ஒப்படைக்கும்போது அவருடைய எண்ணத்தைப் பற்றி ஊகிக்காமல் இருக்க முடியாது; வாக்களிப்பதே அத்தகைய ஊகம்தான். அந்த ஊகத்தையே பாதுகாப்பாக நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இந்திரா காந்தி அரசு 1975-இல் கொண்டுவந்த நெருக்கடி நிலை சாட்சி.

1976 ஏப்ரல் 28 அன்று, நெருக்கடி நிலையில் காவலில் வைக்கப்பட்டவர் அதை எதிர்த்து நீதிமன்றம் வர உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. எதிர்த்தவர் நீதிபதி எச்.ஆர். கன்னா மட்டுமே. பெரும்பான்மையில் இருந்த நீதிபதி பெக், காவலில் இருப்பவர்கள்மீது அரசு காட்டும் அக்கறை ஏறக்குறைய தாயன்பு போன்றது என்று எழுதினார். அதற்கு மூன்று மாதம் முன்பு, பிப்ரவரி தொடக்கத்தில், சென்னை மத்தியச் சிறையில் காவலில் இருந்தவர்கள் கொடூரமாகத் தாக்கப்பட்டிருந்தனர். இதைப் பின்னாளில் நீதிபதி எம்.எம். இஸ்மாயில் ஆணையம் விசாரித்துப் பதிவுசெய்தது. அங்கே அடிபட்டவர்களில் ஒருவரான முன்னாள் மேயர் சிட்டிபாபு பிறகு உயிர் மீளவில்லை.

1977-இல் ஆட்சிக்கு வந்தவர்களில் பலர், பிரதமர் மொரார்ஜி தேசாய் உள்பட, நெருக்கடி நிலைக் காவலிலிருந்து வந்தவர்கள். தங்கள் எண்ணம் நல்லது என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்குக் காரணம் இருந்தது. ஆனால் 1978-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 44-ஆவது திருத்தம் எல்லா அரசுகளுக்கும் சேர்த்து எழுதப்பட்டது: நெருக்கடி நிலை அறிவிக்க "உள்நாட்டுக் குழப்பம்" என்ற காரணம் நீக்கப்பட்டு "ஆயுதக் கிளர்ச்சி" ஆனது; உயிர், தனிமனிதச் சுதந்திரம் பற்றிய 21-ஆவது பிரிவை நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க முடியாது; அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வந்தால்தான் குடியரசுத் தலைவர் பிரகடனம் செய்யலாம். 1975 ஜூன் 25 இரவு குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டபோது அமைச்சரவை கூடியிருக்கவில்லை. மறுநாள் காலையில்தான் அமைச்சர்களுக்குச் சொல்லப்பட்டது.